ஓவர்சியர் வந்த நாள்

மெயின்ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் பள்ளம் என்பதால் ஆலங்குடி பஸ் உள்ளே வராது. என் மனைவி மெயின்ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். தேய்ந்த முட்டியோடு தினமும் போக வர நடப்பாள். தார் போட்டால் பஸ் விடுகிறோம் என்று டிப்போவில் சொன்னார்கள். நான் மனு எடுத்துக்கொண்டு நடந்த நடையில் ஒன்றிய அலுவலக வாட்ச்மேனே எனக்கு டீ வாங்கித்தர ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருஷம் ஒரே ஒரு ரோட்டுக்குத்தான் பணமாம். எது ரொம்ப மோசமோ அதற்காம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மோசத்தில் எங்கள் ரோட்டை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பார்த்து எழுத நாளைக்கு ஓவர்சியர் வருகிறார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. காலையிலேயே ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்து, மதியத்துக்குமேல் ஓவர்சியர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ரோட்டில் ஒரு பள்ளத்தைக் காணோம். எல்லாவற்றிலும் கிராவல் மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து இடித்திருந்தது. ஊர் எல்லையில் நூறு நாள் வேலைப் பெண்களோடு என் மனைவி மம்பட்டியும் கையுமாக நின்றாள்.

"வாங்க சார். குலுங்காம வந்தீங்களா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தள்ளிக் கூட்டிப்போய், "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"நம்ம ஊருக்கு வர்ற மனுசன் இடுப்பு ஒடிஞ்சா வரணும்? என்ன நெனப்பாரு நம்மள?"

திரும்பி வந்து, "நேத்து வரைக்கும் முழங்கால் ஆழம் சார்" என்றேன்.

"இருக்கலாங்க. பள்ளத்தக் காட்டுங்க, எழுதிக்கிறேன்" என்றார் ஓவர்சியர்.

காலால் நாலு எத்து எத்தியிருந்தால் போதும், பள்ளம் தெரிந்திருக்கும். அவளைப் பார்த்தேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குக் கால் எழவில்லை. "இளநீர் குடிங்க சார்" என்றேன்.

பணம் வேறு ஊருக்குப் போனது. அந்த ஊர்க்காரர்கள் புத்திசாலிகள், ரோட்டைத் தொடவே இல்லை. இரண்டு மழையில் எங்கள் கிராவல் கரைந்து, பள்ளமெல்லாம் பழையபடி வந்துவிட்டது. ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்று அவள் கேட்டபோதெல்லாம் மழுப்பினேன். ஒரு சாயங்காலம் பள்ளத்தில் விழுந்து, முட்டியில் ரத்தத்தோடு வந்து உட்கார்ந்தாள். மருந்து போட்டுவிட்டபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.



"அப்பவே சொல்லியிருக்கலாம்லங்க" என்றாள். "நானே தோண்டிக் காட்டியிருப்பேனே."