காலியாக விட்ட கட்டம்

மோனோரயில் பாலத்துக்கு அடியில் வந்த பிறகுதான் கால்சட்டைப் பையில் மௌஸ் கிடப்பதைக் கவனித்தேன். அலுவலகத்துக் கணினியின் மௌஸ். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேல் இருந்த அந்த அலுவலகத்தை விட்டு இறங்கி, பூமாலைக் கடைகளைத் தாண்டி, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று நின்றேன். கால் அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது.

ரோட்டோரத்தில் வடை சுடும் அக்கா என்னைப் பார்த்து, "என்ன அங்கிள், பேய் அடிச்ச மாரி நிக்கிறீங்க?" என்றார். தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

வேலை போனது எனக்குப் பெரிய விஷயமில்லை. பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். அம்பாங்கில் தட்டு கழுவினேன். கிள்ளானில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் அட்டெண்டனாக ஓடினேன். பூச்சோங்கில் கைபேசி பழுது பார்க்கும்போது முதலாளியின் கணினியில் உட்கார்ந்து, யூடியூப் பார்த்து, கொஞ்சம் நிரல் எழுதப் பழகிக்கொண்டேன். வேலைகள் வரும், போகும். ஆனால் அன்று மதியம் பார்த்ததை இதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை.

அந்த அலுவலகத்தில் நிரல் முழுமையாகத் தெரிந்தவன் ஒருவன்தான், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தம்பி. அவனுடைய வேலை பெர்மிட் அடுத்த மாதம் முடிகிறது. பாஸ் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்க முடியும். மனைவி கர்ப்பம், இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். கையெழுத்து விழாவிட்டால் இருவரும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பாஸுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் பிழைப்பு கன்டெய்னர்கள். துறைமுகத்தில் கிடக்கும் இரும்புப் பெட்டிகள் இல்லை. ஒரு நிரலையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் சேர்த்துக் கட்டிய, கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள். லோரி கம்பெனி, டியூஷன் சென்டர், பல் டாக்டர் என்று சின்ன வாடிக்கையாளர்களின் பெட்டிகளை நாங்கள் ஓட வைத்தோம். இப்படி நிறையப் பெட்டிகளை மேய்க்க ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது. அதை யாரும் ஏவுவதில்லை. 'இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதி வைத்தால் போதும். அது எழுதியதைப் பார்க்கும், இருப்பதைப் பார்க்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரி செய்யும். பிறகு மறுபடி பார்க்கும். அலுக்கவே அலுக்காது.

அதன் மேல் எங்களுக்கென்று சில ஆணைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். அவை எப்படி அமைய வேண்டும், எந்தச் சொல் எதைக் குறிக்கும், ஒன்றை எழுதாமல் விட்டால் என்ன பொருள் என்ற விதிகளைத் தம்பியும் நானும் சேர்ந்து எழுதினோம். அவன் சொல்வான், நான் புரியாததைக் கேட்பேன். எனக்கே புரிந்துவிட்டால் யாருக்கும் புரியும் என்பதால்தான் பாஸ் என்னை வைத்திருந்தார்.

பழைய பெட்டிகளைத் துடைக்க ஓர் ஆணை செய்தோம். எந்த லேபிள் ஒட்டிய பெட்டிகள் இருக்கக் கூடாது என்று ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டால் ஒன்றையும் தொடாது என்று நான் நினைத்திருந்தேன். தம்பி சிரித்தான்.

"இல்லண்ணே. அந்தப் பெரிய சிஸ்டத்தோட வழக்கம் வேற. கட்டமே இல்லன்னா ஒண்ணும் இல்ல. கட்டம் இருந்து உள்ள காலியா இருந்தா, எல்லாமே."

"விளையாடாதப்பா."

"உங்க வீட்டு வாசல்ல காவலுக்கு ஒரு கார்டு நிக்கிறாருன்னு வைங்க. சிவப்புச் சட்டைக்காரனை மட்டும் விடுன்னா அவனை மட்டும் விடுவாரு. நிபந்தனையே சொல்லலன்னா எல்லாரையும் விட்டுருவாரு. நிபந்தனை குறையக் குறைய ஆள் கூடும்ணே."

"என் வாசல்ல ஏது கார்டு? நாய்தான் நிக்குது."

"சரி, அந்த நாய்கிட்ட ஒண்ணும் சொல்லாம விட்டா யாரைக் கடிக்கும்?"

"எல்லாரையும்."

"அதேதான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் துடைக்கிற ஆணைக்கு மட்டும் இந்த வழக்கம் வேண்டாம் என்றேன். அவனும் அதையேதான் நினைத்திருந்தான். கட்டம் காலியாக வந்தால் ஏற்க மறுக்க வேண்டும், எல்லாவற்றையும் துடைக்க நினைப்பவன் 'எல்லாம்' என்று வாயைத் திறந்து சொல்லட்டும் என்று விதி எழுதினோம்.

பாஸ் அந்த வரியில் விரலை வைத்தார். "கஸ்டமர் பட்டன் அமுக்குனா சிவப்பு எழுத்துல திட்டக் கூடாது லா. ஸ்மூத்தா போகணும். எடு இதை."

தம்பி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். பிறகு எடுத்தான்.

அன்று மதியம் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். லோரி கம்பெனி அவருடையது. அவருடைய பெட்டிகளும் எங்களிடம்தான் ஓடின. புது வசதியைக் காட்ட பாஸே உட்கார்ந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் எல்லா வாடிக்கையாளர்களின் பெட்டிகளும் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன.

"பாருங்கக்கா. குப்பை எல்லாம் ஒரே கிளிக்ல போயிரும்," என்றார். கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. அமுக்கினார்.

பச்சைப் புள்ளிகள் மொத்தமாக அணைந்தன. திரையில் பிழை என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. 'முடிந்தது' என்று மட்டும் வந்தது. அக்காவின் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் அவருடைய டிரைவர் கத்தினார்: "அக்கா, துறைமுக வாசல்ல நிக்கிறேன். கேட் நம்பர் வரல. ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. ஹாபிஸ், எல்லாம் போச்சு!"

பாஸ் பதறிப்போய், காப்பு நகலிலிருந்து திரும்ப எடுக்கும் பட்டனை அமுக்கினார். புள்ளிகள் வந்தன. மூச்சு விடுவதற்குள் மறைந்தன. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தன, மறைந்தன. நான் லோரி கவிழ்ந்ததை உள்ளே உட்கார்ந்தே பார்த்தவன். கவிழ்ந்த லோரி ஒரு தடவைதான் கவிழும். இது நிமிர்த்த நிமிர்த்தக் கவிழ்ந்தது.

"நிறுத்துங்க சார்!" என்று தம்பி கத்தினான். "ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு எழுதி வச்சது அப்படியே நிக்குது. நீங்க கொண்டு வர வர அது துடைக்குது. முதல்ல அதை எடுக்கணும்!"

பாஸ் காதில் எதுவும் விழவில்லை. விரல் அது பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. நான் எட்டி அவர் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கினேன். தம்பி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அந்த ஆணையை நீக்கினான். அதன் பிறகு நகலை எடுத்தான். இந்தத் தடவை வந்த புள்ளிகள் நின்றன. டிரைவரின் குரல், "ஆ, வந்திருச்சு" என்றது.

அக்கா கைபேசியை அணைத்துவிட்டு பாஸ் பக்கம் திரும்பினார்.

"என்ன லா இது?" என்றார் அக்கா.

பாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்களே சொல்லுங்கக்கா. காலியா விட்டா ஒண்ணும் இல்லன்னுதானே நம்ம நினைப்போம்? இந்தத் தம்பி அதை எல்லாமேன்னு செஞ்சு வச்சிருக்கான். வெளியூர்லேருந்து ஆள் எடுத்தா இப்படித்தான்."

நான் தம்பியைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து நின்றான்.

"ஆமா மேடம். என் தப்புதான். நான் யோசிக்கல."

பெட்டிகள் மறைந்தபோதுகூட நான் அப்படி அதிரவில்லை. தடுத்து எழுதியவன் இவன். திரும்ப எடுத்தவனும் இவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அடிக்குக் கை நீட்டும் பையனைப் போல நின்றான். என் வாய் தானாகத் திறந்தது.

"இல்லக்கா. காலியா வந்தா ஏத்துக்கக் கூடாதுன்னு இவன்தான் விதி எழுதினான். பாஸ்தான் எடுக்கச் சொன்னாரு. நானும் பக்கத்துல இருந்தேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் பாஸ். "ஃபார்ம் த்ரீ தாண்டாத நீயெல்லாம் எனக்கு சிஸ்டம் சொல்லிக் குடுக்கிறியா? போ. நாளைக்கு வராதே."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். நான் பையை எடுத்தேன். தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கிள்ளான் போகும் கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் கூட்டம். சுபாங் ஜெயா தாண்டும்போது தம்பி போனில் கூப்பிட்டான்.

"ஏண்ணே சொன்னீங்க?"

"பின்ன? நீ ஏன் பொய் சொன்னே?"

"நான் ஒத்துக்கிட்டா அவருக்கு மானம் போகாது. மானம் போகலன்னா கையெழுத்துப் போடுவாரு. அவ்வளவுதான் என் கணக்கு. இப்ப ரூமைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வீட்ல இவ நிலைமை உங்களுக்குத் தெரியும்லண்ணே." போனை வைத்துவிட்டான்.

பக்கத்தில் நின்றவர் என் காலை மிதித்துவிட்டு, "சாரி பாஸ்" என்றார். அந்த வார்த்தையே எரிந்தது. நான் உண்மையைச் சொல்லி அவனைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஷா ஆலம், கிள்ளான் வரைக்கும் கம்பியைப் பிடித்தபடியே நின்றேன். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

கிள்ளானில் நான் இருக்கும் வீட்டின் கீழறையில் ஓர் அண்ணன் இருக்கிறார். துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் மேற்பார்வை. என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது.

"மறுபடியும் வேலையை விட்டுட்டியா?"

"விட வச்சிட்டாங்கண்ணே."

"நாளைக்குக் காலையில என்கூட வா. பெட்டி பாக்குற ஆள் ஒருத்தன் வேலையை விட்டு நின்னுட்டான்."

மறுநாள் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். யார்டு வாசலில் இறங்கும்போது தம்பி கூப்பிட்டான். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன்.

"போட்டுட்டாருண்ணே. கையெழுத்து."

நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கிள்ளான் அக்கா கிளம்புறப்ப சொன்னாங்களாம். திரும்ப எடுத்த கை இங்க இருக்கிற வரைக்கும்தான் என் லோரியும் இங்கன்னு. காலையில கூப்பிட்டுப் போட்டாரு. ஒரு வருஷத்துக்கு. நம்ம எழுதின அந்த வரியையும் திருப்பிச் சேக்கச் சொல்லிட்டாரு."

"நல்லதுப்பா. வீட்ல சொல்லிட்டியா?"

"சொன்னேன். அழுதா." கொஞ்சம் தயங்கினான். "நீங்க கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்கண்ணே. அவரு பேரைக் கேட்டாலே எரியிறாரு. மௌஸை வேற கேக்குறாரு."

"தபால்ல அனுப்புறேன்."

உள்ளே அண்ணன் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு இரும்புப் பெட்டிக்கும் கதவு, சுவர், தரை என்று கட்டங்கள் இருந்தன. "நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு அமுக்கு. உடைஞ்சிருந்தா உடைஞ்சிருக்குன்னு அமுக்கு. அவ்வளவுதான் வேலை."

"ஒண்ணும் அமுக்காம காலியா விட்டா?"

என் குரல் உயர்ந்துவிட்டிருக்க வேண்டும். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"காலியா விட்டா நீ இன்னும் பாக்கலன்னு அர்த்தம் லா. வேற என்ன?"

முதல் பெட்டியின் கதவுத் தண்டைத் தூக்கி இழுத்தேன். உள்ளே இருட்டு, துரு வாடை. டார்ச்சை அடித்துக்கொண்டு கடைசி வரை நடந்தேன். தரைப் பலகை ஒன்று பிளந்திருந்தது. காலால் மிதித்துப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, உடைந்திருக்கிறது என்று அமுக்கினேன்.