சொதிக்கு ஒரு ஸ்பூன்

போன வாரம் ஒரு மனுசனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் அணையவில்லை.

வள்ளியூரில் கடைக்காரர்கள் சங்க ஆண்டு விழா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிரிக்கச் சிரிக்கப் பேசுவது, பத்து வருஷமாக என் வேலை. எட்டாங்கிளாஸோடு நின்றவனுக்கு மைக் பிடித்தால்தானே கொஞ்சம் மரியாதை? இந்தத் தடவை எனக்கு முன்னால் ஒரு புது ஆள் — கென்யாவிலிருந்து வந்து பாளையங்கோட்டையில் படிக்கிற சாமுவேல்.

பாவம், என்ன பேசிவிடப் போகிறான் என்று தைரியமாக இருந்தேன். என் தைரியம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே...

"அண்ணாச்சிமாரே, சாப்ட்டியளா?" என்று ஆரம்பித்தார். மண்டபம் அதிர்ந்தது.

"நானும் கையக் கழுவிட்டு இலை முன்னால உக்காந்தேன். செயலாளர் அண்ணாச்சி என் மூஞ்சியப் பாத்தாவ. ஓடிப் போயி, பூட்டுன கடையத் திறந்து ஸ்பூன் எடுத்துட்டு வந்துட்டாவ! இலையில ஊத்துன தேங்காப்பால் சொதிய ஸ்பூனால சாப்பிட்டுப் பாத்திருக்கியளா? அது ஓடுது, நான் விரட்டுதேன். பக்கத்து இலைக்கே போயிட்டு. நல்லவேளை, அந்த இலைக்காரர் முன்னாடியே எந்திரிச்சுப் போயிட்டாவ... சொதிக்குப் பயந்து இல்ல, எனக்குப் பயந்து!"

செயலாளரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாமுவேல் விடவில்லை. அவரை மேடைக்குக் கூப்பிட்டு, கையோடு கையை ஒட்டி வைத்தார்.

"இதுல எது கென்யா, எது வள்ளியூரு?"

"ரெண்டும் வள்ளியூருதாம்லே!" — கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்.

"அப்ப பஸ்ஸுல என் பக்கத்துல உக்காருங்க அண்ணாச்சி. நாலு வருசமா அந்த சீட்டு காலியாத்தான் வருது."

சிரிப்பு. நடுவே ஒரு சின்ன அமைதி. திரும்பவும் சிரிப்பு. அந்த அமைதியை ஒரு நாளாவது நான் உண்டாக்கியிருக்கிறேனா?

அதைவிட மோசம், மூன்றாவது வரிசை. அங்கே என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். என் ஜோக்குக்கு அப்படிச் சிரித்ததே இல்லை!

அடுத்து நான். என் முதல் ஐட்டம் கருப்புப் பொண்ணு கதை. பெண் பார்க்கப் போன இடத்தில் கரண்ட் போய்விடும். பொண்ணைத் தேட மாப்பிள்ளை டார்ச் கேட்பான். என்றைக்கும் கைதட்டல் வாங்குகிற சரக்கு.

வாயைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில் சிரிப்பு நின்றது. அவள் முந்தானையை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரி நல்ல கருப்பு. இத்தனை வருஷமும் அந்தக் கதையைச் சொல்லும்போது நான் கூட்டத்தைத்தான் பார்த்திருக்கிறேன், அவளைப் பார்த்ததில்லை.

அந்தக் கதையை அப்படியே முழுங்கிவிட்டு, ரேஷன் கடை க்யூவைப் பற்றி எதையோ உளறி இறங்கினேன். நாலு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தர் சாமுவேல் — அது வேறு எரிகிறது!

ஊரையே திட்டியிருந்தால் ஊர் காதைப் பொத்தியிருக்கும். அந்த ஆள் சிரிக்க வைத்தே உள்ளே போய்விட்டார். எனக்கு மட்டும் ஏன் பத்து வருஷமாக இது தோன்றவில்லை?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "அந்தக் கருப்புப் பொண்ணு கதைய இன்னைக்குச் சொல்லலியே?"

"மறந்துட்டேன்."

"நல்லா மறந்துக்கிடுங்க."