தோல்பட்டைப் பெடல்

தோழர்களின் சந்திப்பில் என் கல்லூரிக் காலத்து டிரம் செட்டை வாசிப்பதாக வாக்களித்திருந்தேன். பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல் உடைந்திருந்தது. பழைய செட்டுக்குப் பழைய பெடலே அழகு என்று, மனைவியுடன் வண்ணார்பேட்டையிலுள்ள பழைய இசைக்கருவிக் கடைக்குச் சென்றேன்.

கடைக்காரர் என் முன்னாள் மாணவர். இரண்டு பழைய பெடல்களை எடுத்துவைத்தார்: ஒன்று கனத்த ஸ்பிரிங் கொண்டது, மற்றது தோல்பட்டை வைத்த, இலகுவானது. தேர்ந்த கலைஞர்களுக்கு உரியதென்று கனமானதையே கேட்டேன். மிதித்தபோது, பக்கவாதத்திலிருந்து தேறிய என் வலது கால் பாதியில் நின்றுவிட்டது.

“என்ன சார், முடியலையா?”

பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

“வாசிக்கப் போறது நாந்தான். இவுக சொல்லித் தாராக. எனக்கு லேசானதே போதும்” என்றாள் மனைவி.

“இந்த வயசுலயாம்மா?”

“ஏன், ஒங்க பெடலு மட்டும் நேத்துப் பொறந்ததோ?”

கடையே சிரித்தது.

வீட்டில் இலகுவான பெடலைப் பொருத்தி, அவளை அமரச் சொன்னேன்.

“ஐயே, சும்மால்லா சொன்னேன்!”

“சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?”

சிரித்தபடி மிதித்தாள். முதல் ஒலி அவள் காலிலிருந்தே பிறந்தது. என் கௌரவத்தை நானே காத்துவந்ததாக அன்றுவரை எண்ணியிருந்தேன்.