சோமாலி ஆபேயும் அப்பாவின் பதினேழு சொற்களும்

1. டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் அப்பாவோடு பொதி கட்டும் வேலை செய்கிற சோமாலியர், தொலைபேசியில் தன் மகளை "ஆபே" என்று கூப்பிட்டார். சோமாலியில் ஆபே என்றால் தந்தை.
2. பெற்ற பிள்ளையை அப்படி அழைப்பது அவர்கள் வழக்கம். அப்பாவும் என் தம்பியை "அப்பன்" என்றுதான் கூப்பிடுவார்.
3. இரண்டு வாரத்தில் அப்பா பதினேழு சொற்களோடு கட்டுரை எழுதிவிட்டார்: சோமாலி தமிழிலிருந்து பிறந்தது.
4. தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரில், கட்டுரையின் கீழே "சரிபார்த்தவர்" என்று என் பெயரைப் போடப்போவதாகச் சொன்னார்.

நாலாவதுக்காகத்தான் ஓல்போர்க்கிலிருந்து ரயிலேறினேன். மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். நான் பார்க்காத எதன் கீழும் என் பெயர் போகக்கூடாது.

பட்டியலில் பதினேழும் பொருந்தின. ஒரு பிழையும் வராத சோதனை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது சோதனையைத்தான்.

"அவரிட்டை என்னெண்டு கேட்டனீங்கள்?"

"தமிழ்ச் சொல்லைச் சொல்லி, உங்களிட்டையும் இப்பிடி இருக்கோ எண்டு."

"இல்லையெண்டு எத்தனை தரம் சொன்னவர்?"

அப்பா தேத்தண்ணியைக் கலக்கினார். "அதுகளை நான் எழுதேல்லை."

"பிழைச்ச கணக்கையும் பள்ளிக்கூடத்திலை கிழிச்சுப்போட்டுத்தான் வந்திருப்பார்" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து.

ஞாயிறு அந்தச் சோமாலியர் சாப்பிட வந்தார். தமிழைச் சொல்லாமல், டேனிஷில் மட்டும் சொல்லி, சோமாலியில் என்ன என்று கேட்டேன். தண்ணீர் பியோ. மழை ரோப். பால் ஆனோ.

"ஆன் எண்டால் பழந்தமிழிலை பசு" என்றார் அப்பா உடனே.

"அப்பா, சும்மா இருங்கோ."

விருந்தாளி சிரித்தார். "உன் அப்பா அவ்வளவு ஆசையாகக் கேட்டார். சிலதுக்குச் சும்மா ஆமென்று சொல்லிவிட்டேன்."

ஆபேயையும் தேடிப் பார்த்தேன். சோமாலிக்கு உறவான குஷித்திய மொழிகளில், ஒரோமோவிலும் அஃபாரிலும், தந்தை கிட்டத்தட்ட அப்பாதான். உறவில்லாத எத்தனையோ மொழிகளிலும் இதே போன்ற சொல் உண்டு. குழந்தையின் வாய்க்கு முதலில் வருகிற ஒலிகள் அவை. அதை வைத்து ஒரு மொழியை இன்னொன்றின் பிள்ளையாக்க முடியாது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப பிள்ளையை அப்பன் எண்டு கூப்பிடுறது? அதுவும் குழந்தையின்ரை வாய் வேலையோ?"

அரபிக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். ஏன் என்று எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன்.

அப்பா பேனையை எடுத்தார். எந்த ஆம் உண்மையானது என்று தெரியாததால் பதினாறு சொற்களை வெட்டினார், ஆனோவைச் சேர்க்கவில்லை. இப்போது கட்டுரையில் ஆபேயும், பிள்ளையை அழைக்கும் வழக்கமும் மட்டும் இருக்கின்றன. "தமிழிலிருந்து பிறந்தது" என்ற வரி பென்சிலால் அடைப்புக்குள் நிற்கிறது, அழிக்கப்படவில்லை. மலர்க் குழுவுக்கு இன்னும் அனுப்பவில்லை. கடைசிப் பிரதியை நான் பார்க்கும்வரை என் பெயர் அதில் இல்லை.