இரண்டு கடிகாரங்கள் ஓடிய வீடு

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஏழு மாதமாக இரண்டு கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று எங்கள் ஊர் நேரம் காட்டும். மற்றது இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடும். என் தம்பி வேலை பார்ப்பதாக நாங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வெளிநாட்டின் நேரம் அது. அவனோ அந்த இரண்டு கடிகாரங்களுக்கும் அடியில், இஸ்திரி மேஜைக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே கிடந்த கட்டிலில் படுத்திருந்தான்.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது அம்மா. அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஒற்றைப் பையோடு வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு டீச்சர், "தம்பி எப்படி இருக்கான், அடுத்த லீவு எப்ப?" என்று கேட்டுவைத்தார். டீச்சருக்கு எதுவென்றாலும் முதலில் மூக்கில் வேர்த்துவிடும். அம்மா பதறிப்போய், "நல்லா இருக்கான் டீச்சர், இப்போதைக்கு லீவு இல்லையாம்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏழு மாதம் காவல் காத்தோம். முன்னறையில் என் ஜெராக்ஸ் கடை. நாள் முழுக்க ஆட்கள் வந்து போவார்கள். தம்பி அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. சொந்தக்காரர்களுக்குப் பின்னறையிலிருந்தே போன் பேசுவான், பேசும் முன் இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வான். ஒருநாள் மாமாவோடு பேசும்போது எங்கள் தகரக் கூரையில் மழை கொட்டித் தீர்த்தது. "இங்க மழை மாமா" என்று சமாளித்தான். பாலைவனத்தில் பேய்மழை என்று மாமா குடும்பம் முழுக்கச் செய்தி வாசித்துவிட்டார்.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. வெடுக்கென்று பேசுகிறவள் என்று தெருவில் பெயர் எடுத்தவள், இதில் மட்டும் வாயை மூடிக்கொண்டு கூட்டுக் களவாணியாக இருந்தேன்.

சின்ன வயதில் அவனுக்கு 'ஆட்டிப்பார்' என்று பட்டப்பெயர். பெஞ்சில் உட்காருவதற்கு முன் பெஞ்சை ஆட்டிப் பார்ப்பான். ஏணியை, ஊஞ்சலை, டீக்கடை மேஜையை, எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டான். ஒரு தடவை என்னைப் பெண் பார்க்க வந்தவர் உட்காரப் போன நாற்காலியைப் பிடித்து ஆட்டிவிட்டான். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார், நல்லதாகப் போயிற்று. அப்படிப்பட்டவன் படித்து முடித்துக் கட்டட வேலைகளில் பாதுகாப்பு அதிகாரி ஆனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. தினமும் காலையில் சாரத்தில் ஏறி, ஒவ்வொரு இணைப்பையும் அசைத்துப் பார்த்து, ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் தொழிலாளிகள் ஏறலாம். வெளிநாட்டில் அதே வேலை, பெரிய கம்பெனி. மூன்று வருடம் இருந்தான்.

திரும்பி வந்தவன் எதையும் ஆட்டிப் பார்ப்பதில்லை. கால் ஆடுகிற கட்டிலில் அப்படியே விழுந்து கிடந்தான். ஏன் வந்தான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னான், இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அவன் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கத் தலைவர் போன் செய்தார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் வைத்திருப்பவர், தம்பியை அனுப்பியதும் அவர்தான். அவன் வீட்டில் கிடப்பது எங்களைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் மாநாடாம், 'உலகச் சவால்களும் பன்னாட்டு வேலைவாய்ப்பும்' என்று தலைப்பாம். தம்பி இன்னமும் அங்கேயே இருப்பதுபோல் இருபது நிமிடம் பேச வேண்டுமாம்.

"பின்னாடி பெரிய கட்டடம் படம் போட்டுக்கோ. கம்பெனியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை. முடிச்சுக் குடு, திங்கட்கிழமை வேற நாட்டு வேலை ஆர்டர் உன் கையில இருக்கும். சொதப்பினேன்னு வையி, இனிமே என் ஆபீஸ் வாசல்ல நிக்காதே" என்றார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் ஏழு மாதத்துக்குப் பிறகு மலர்ந்தது. தம்பி சரி என்று தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இஸ்திரி மேஜையில் லேப்டாப்பை வைத்துக் கொடுத்தேன். மேலே சட்டை, டை, கோட்டு. கீழே அரைக்கால் டவுசர். திரையில் அவனுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் பளபளத்தன. நானூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டு டீச்சரும் அதே கல்லூரியில் படித்தவர்தான். அவர் தன் லேப்டாப்பை முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். "டீச்சர், உங்க மைக்க அணைங்க, உங்க வீட்டு மிக்ஸி எங்களுக்குக் கேக்குது" என்று தலைவர் மூன்று தடவை கெஞ்சியும் அவருக்கு அது பிடிபடவில்லை.

முதலில் பேசியவர் கடல் மட்டம் உயர்வதைப் பற்றிச் சொன்னார். அடுத்தவர் உலகத்தில் எத்தனை கோடிப் பேர் பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு போகிறார்கள் என்று கணக்குப் படம் காட்டினார். பிறகு தம்பியின் முறை. அவன் பேச ஆரம்பித்தான். அவன் குரல் எங்கள் பின்னறையிலும் கேட்டது, ஒரு நொடி கழித்து எதிர்வீட்டு ஜன்னலிலிருந்தும் கேட்டது. தெரு முழுக்க அவன் குரல்! ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் குக்கர் விசில் அடித்தது.

"என்னப்பா, உங்க கேம்ப்ல குக்கர் சத்தம் கேக்குது?" என்றார் தலைவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், கண் சிரிக்கவில்லை.

"பக்கத்து ரூம்ல சமைக்கறாங்க சார்" என்றான் தம்பி. விசில் சத்தத்துக்கு அவன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அதற்குக் காரணம் குக்கர் அல்ல என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாள் வயிறு காயட்டுமே!" என்று அம்மாவைக் கடிந்துகொண்டேன். அம்மா கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.

எழுதி வைத்ததையெல்லாம் படித்து முடித்துவிட்டான். கைதட்டல் படங்கள் திரையில் பறந்தன. அப்பாடா என்று நான் மூச்சு விடும்போது தலைவர், "ஒரே ஒரு கேள்விக்கு நேரம் இருக்கு" என்றார். ஒரு பெண் முகம் வந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், கண்ணாடி போட்டிருந்தாள்.

"அண்ணா, உங்க கம்பெனியிலயே எனக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை கெடச்சிருக்கு. நீங்க இருக்கற சைட்டுதான். வியாழக்கிழமை ஃபிளைட். முதல்ல நான் எதுல கவனமா இருக்கணும்னு சொல்லுங்கண்ணா."

அவள் போவது அவன் விட்டுவிட்டு வந்த நாற்காலிக்கு என்பது எனக்கே புரிந்தபோது அவனுக்குப் புரியாதா? நானூறு முகங்களும் அவனையே பார்த்தன. திரைக்கு வெளியே நின்று, "ஏதாவது நல்லதாச் சொல்லி முடிச்சுத் தொலைடா" என்று கிசுகிசுத்தேன். ஆமாம், நான்தான் சொன்னேன். திங்கட்கிழமை ஆர்டர் வந்துவிட்டால் போதும் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மவுசை நகர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினான். கண்ணாடிக் கட்டடங்கள் மறைந்தன. அரிசி டிரம்மும், கொடியில் காயும் அம்மாவின் புடவையும், இரண்டு கடிகாரங்களும் தெரிந்தன.

"நான் அங்க இல்லம்மா. ஏழு மாசமா எங்க வீட்லதான் இருக்கேன். அங்க என்ன நடந்துச்சுன்னா..."

அவ்வளவுதான் சொல்ல விட்டார்கள். குரல் அறுந்தது. அடுத்த நொடி, அவனைக் கூட்டத்திலிருந்து நீக்கிவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. சாத்திய ஜன்னலையும் தாண்டி எதிர்வீட்டிலிருந்து தலைவரின் குரல் மட்டும் கேட்டது: "நெட்வொர்க் கோளாறு, மன்னிக்கணும்."

தம்பி எழுந்தான். கோட்டும் டையும் டவுசருமாக என்னைத் தாண்டி, ஜெராக்ஸ் மெஷினைத் தாண்டிப் போனான். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நடுத்தெருவுக்குப் போய்விட்டான். "டேய், டேய்!" என்று நான் பின்னாலேயே ஓடினேன், அம்மா எனக்குப் பின்னால். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் மேல் வெயில் பட்டது. பட்டப்பகலில், செருப்புக்கூட இல்லாமல் நேராக டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தான்.

டீச்சர் லேப்டாப் முன்னால் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். திரையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"நீ எப்பப்பா வந்தே?"

"ஏழு மாசமாச்சு டீச்சர். உங்க மைக் திறந்துதானே இருக்கு? ரெண்டு நிமிஷம் குடுங்க."

டீச்சர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வாயிலிருந்து கேள்வி வராமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

"கேள்வி கேட்டியேம்மா, நான்தான் பேசறேன். சார், இதையும் அணைச்சீங்கன்னா அடுத்த வீட்டுக்குப் போவேன்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அங்க சனிக்கிழமை காலையில ஒரு கட்டுத் தாள் குடுப்பாங்க. அடுத்த ஒரு வாரத்துக்கும் சேர்த்து முன்னாடியே கையெழுத்துக் கேப்பாங்க. வேலை நிக்கக் கூடாதாம். எல்லாரும் போடறாங்கன்னு நானும் போட்டேன். ஒரு வருஷம் போட்டேன். ஒரு புதன்கிழமை சாரம் இறங்கிடுச்சு. மேல ஒரு பெயிண்டர் இருந்தாரு. எப்பவும் விசிலடிச்சுக்கிட்டே வேலை செய்வாரு, நாங்க விசில்னுதான் கூப்பிடுவோம். செத்துட்டாரு. அந்தப் புதன்கிழமைத் தாள்ல என் கையெழுத்து இருக்கு. நான் அன்னைக்கு அந்தச் சாரத்துல ஏறவே இல்ல. அடுத்த சனிக்கிழமை போடமாட்டேன்னேன், அன்னைக்கே ஃபிளைட் ஏத்திட்டாங்க. நீ கேட்டியே, எதுல கவனமா இருக்கணும்னு. ஏறிப் பாக்காம போடாதே. அவ்வளவுதான்."

இந்தத் தடவை யாரும் அணைக்கவில்லை. வாசற்படியில் நின்ற அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். "இத மனசுல வச்சுக்கிட்டா இத்தனை நாள் படுத்துக் கெடந்தே? எங்கிட்டச் சொல்லக் கூடாதாடா?" என்று கேட்டாள். பிறகு டீச்சரைப் பார்த்து, "நான் பொய் சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள். "தெரியும், உள்ள வாங்க" என்றார் டீச்சர். ஜன்னல் வழியாகக் கொடியில் அவன் சட்டை காய்வதை அவர் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ!

திங்கட்கிழமை ஆர்டர் வரவில்லை. தலைவர் எங்கள் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். வந்தது அந்தப் பெண்ணின் போன். ஜெராக்ஸ் கடைப் பலகையில் இருந்த நம்பரை டீச்சரிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

"அண்ணா, நான் போகத்தான் போறேன். வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். கோவமா?"

தம்பி இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்தான். "போம்மா. தினம் காலைல எனக்கு ஒரு போன் போடு" என்றான்.

எனக்கு வந்த எரிச்சல்! நாங்கள் இவ்வளவு அவமானப்பட்டும் அவள் போகிறாளாம், இவன் வழியனுப்புகிறானாம். அந்தக் கோபத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டாவது கடிகாரத்தைக் கழற்றப் போனேன்.

"அக்கா, இறங்கு. அந்த ஸ்டூல் ஆடுது பாரு" என்று ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். "அது இருக்கட்டும். அவ அங்க போய் இறங்கினா எனக்கு மணி தெரியணும்."

கழற்றவில்லை. வெள்ளிக்கிழமை எங்களுக்கு எட்டரை, அந்தக் கடிகாரத்தில் ஆறு. போன் வந்தது. "ஏறினியா? ஆட்டிப் பாத்தியா?" என்று கேட்டான். ஏறினாளாம். மறுநாள் சனிக்கிழமை. அந்தக் கடிகாரத்தில் ஆறு மணி ஆயிற்று, ஆறேகால் ஆயிற்று, ஆறரையும் ஆயிற்று. கடையில் ஆள் நிற்பதை விட்டுவிட்டு நானும் பின்னறைக்கு வந்துவிட்டேன். அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. தம்பி கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஏழு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"கட்டு குடுத்தாங்கண்ணா. ஏறிப் பாத்துட்டு இன்னைக்குத் தாள்ல மட்டும் போட்டேன். மத்த ஆறையும் அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன்."

"உன்னை அனுப்பிடுவாங்களேம்மா."

"அனுப்பட்டும்ணா. நான் இன்னும் பெட்டியவே பிரிக்கல."

தம்பி போனைக் கட்டிலில் வைத்தான். விசில் இறந்ததற்கு அவன் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் அம்மாவும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். முன்னறையில் யாரோ, "கடையில ஆள் இல்லையா?" என்று கத்தினார்கள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதோ வர்றேன்" என்று எழுந்து போனான்.