துரை மாமாவின் கெண்டைக்கால்

தஞ்சாவூரில் பெண்கள் வாலிபால் செலக்‌ஷன் நடந்த அன்று முதலுதவி மேசை என் பொறுப்பு. ஃபிசியோதெரபிஸ்ட்டுக்கு அதுபோன்ற நாட்களில் பாதி வேலை காதில்தான். குதித்து இறங்கும் கால் ‘டப்’பென்று சின்னதாகச் சத்தம் கொடுத்தால் கவலை இல்லை. அன்று காலையில் மைதானத்தின் ஓரத்திலிருந்து ‘தொப்... தொப்...’ என்று கேட்டது. எழுந்து ஓடினேன்.

குதித்துக்கொண்டிருந்தவள் அனிதா. ஒரத்தநாடு பக்கம், அப்பா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். அன்று தேர்வானால் கல்லூரிப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். தேறாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பதாக வீட்டில் பேச்சு. மத்தியானம் ஜம்ப் டெஸ்ட்.

குதிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவளுடைய தாய்மாமா துரை. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர். ஜெர்சிக்கு அவர்தான் ஸ்பான்சர். முதுகில் நம்பருக்கு மேலே கூலிங் கிளாஸோடு அவர் படம். அது தெரியும்படி ரீல்ஸ் எடுக்க, ட்ரோனோடு ஒரு கேமராமேனையும் கூட்டி வந்திருந்தார்.

“இன்னொரு தடவ கண்ணு! எகிறினப்ப உன் சடை என் மூஞ்சிய மறைச்சிடுச்சு.”

“காலு கல்லு மாதிரி இருக்கு மாமா.”

“கல்லு மாதிரி இருந்தா ஸ்ட்ராங்கா இருக்குன்னு அர்த்தம். குதி!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குதித்து இறங்கும்போது கெண்டைக்கால் தசை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் குதிகாலுக்கு மேலே இருக்கும் டெண்டன் என்ற தசைநாண் இழுபட்டு, வாங்கிய விசையைத் திருப்பிக் கொடுக்கும். ஓயாமல் குதித்தால் தசை களைத்து அந்தப் பிடி தளரும். டெண்டனும் கொஞ்சம் தொய்ந்து போகலாம். முட்டி கூடுதலாக மடங்கும், கால் தரையை விட்டுக் கிளம்ப நேரமாகும், உயரம் குறையும். தொட்டால் கல், குதித்தால் தொளதொள. இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன்.

“டாக்டரம்மா, எங்க வீட்டுப் பொம்பளைங்க நாள் முழுக்க நாத்து நடுறவங்க. இதெல்லாம் ஒரு களைப்பா?”

அனிதா கண் கலங்கி என்னைப் பார்த்தாள். விளக்கம் வேலைக்கு ஆகாது என்று தெரிந்தது.

“சார், ஜெர்சில இருக்கற படத்த எதுக்கு எடுக்கறீங்க? நேர்லயே நிக்கறீங்களே. நீங்க குதிச்சா ரீல்ஸ் பிச்சிக்கும்.”

உடனே கூலிங் கிளாஸை மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். குதித்தார். கேமராமேனும் விவரமானவன். “கண்ணாடி பளபளக்குது சார், இன்னொன்னு போவோம்” என்று விடாமல் எடுத்தான். நான் அனிதாவை நிழலில் உட்கார வைத்தேன். சற்று நேரத்தில் “அய்யய்யோ!” என்று அலறல். கெண்டைக்கால் இழுத்துக்கொண்ட மாமாவைத் தூக்கி வந்து என் மேசையில்தான் போட்டார்கள்.

ஆனால் மத்தியானத்துக்குள் அனிதாவின் கால் தேறாது. டெஸ்ட் எடுக்க வந்த கோச்சிடம் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

“எல்லாரும் களைப்புன்னுதான் மேடம் சொல்லுவாங்க. ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

மேசையிலிருந்து மாமா தலையைத் தூக்கினார். “ரூல்ஸ் இருக்கட்டும் சார், வந்து இந்தக் கால தொட்டுப் பாருங்க. கொஞ்ச நேரத்துக்கே எனக்கு இந்தக் கதி. புள்ளைய காலையிலேருந்து குதிக்க வெச்சது நான். தப்பு என்னோடது சார், சீட்டு அவளோடது.”

சொன்னதோடு நிற்காமல் இறங்கிக் காட்டப் போய், கோச்சின் மேலேயே சாய்ந்தார். பிடித்த தோளை விடவில்லை.

“சரி சரி, நாளன்னைக்கு திருவாரூர் புள்ளைங்க வராங்க. அவங்களோட வரட்டும். மொதல்ல என்னை விடுங்க!”

இரண்டு நாளும் அனிதாவை வீட்டில் ஒரு வாய்க்கால்கூடத் தாண்ட விடவில்லையாம் மாமா. மூன்றாம் நாள் அவள் குதித்துச் சுவரில் வைத்த சாக்பீஸ் அடையாளத்தைப் பார்த்து, நொண்டிக்கொண்டே வந்திருந்த மனிதர் சிறுபிள்ளை மாதிரி அழுதார். சீட்டு கிடைத்தது.

இளைய ஃபிசியோக்களுக்கு ஒன்று சொல்வேன். ‘பயிற்சி போதும், ஓய்வு கொடுங்கள்’ என்று வீட்டாரிடம் மன்றாடாதீர்கள். அவர்களையும் கூடச் சேர்ந்து குதிக்கச் சொல்லுங்கள். ஐஸ் பேக் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.