பலகைக்கு ஏறாத மீன்

பகல் பன்னிரண்டு மணியானால் எனக்கு இன்றும் பசிக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அடங்குகிற பசி இல்லை அது.

எந்தப் பத்திரிகையிலும் நிரந்தர வேலை இல்லாமல் கடல், சாப்பாடு, சுற்றுச்சூழல் என்று எழுதிப் பிழைக்கிறவள் நான். கடல் அரிப்பைப் பற்றி விசாரிக்க அபிராமபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் பட்டினப்பாக்கம் போனபோதுதான் அந்த மீன்காரி பழக்கமானாள். என் வயதுதான் அவளுக்கும். முதல் நாள் "இன்னா மேடம் வோணும்?" என்றவள், ஒரே வாரத்தில் "சாப்ட்டியாமே?" என்று வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புருஷன் படகில் போவார். இவள் சாலையோரம் பலகை போட்டு, மீனைக் கூறு கட்டி விற்பாள். படகு வந்ததும் முதல் வேலையாக காரப்பொடி, குட்டிச் சங்கரா, நெத்திலி என்று கலந்து ஒரு குண்டான் பொடிமீனை எடுத்து, ஈரத்துணியால் மூடிக் காலடியில் வைத்துக்கொள்வாள். வீட்டுக் குழம்புக்கு. யார் கேட்டாலும் அது பலகைக்கு ஏறாது. வியாபாரம் படுத்த நாளிலும் ஏறாது.

"கடலு வூட்டுக்குன்னு குட்தது. அத்தப் போய் விப்பாங்களா?"

அந்தக் குழம்பை இரண்டு வருஷம் சாப்பிட்டேன். விளிம்பு நசுங்கிய ஒரு தட்டு அந்த வீட்டில் எனக்கென்றே இருந்தது. கட்டுரைக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அந்தத் தட்டுக்கு ஈடாகாது.

ஒரு பத்திரிகை, உள்ளூர் உணவு பற்றிக் கேட்டது. கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். சென்னையின் ருசியான மீன் விற்பனைக்கே வராது என்று ஆரம்பித்து, குண்டான், ஈரத்துணி, அவள் பலகை போடும் இடம் வரைக்கும் எழுதிவிட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அடையாறிலிருந்தும் தி.நகரிலிருந்தும் கார்கள் வந்தன. அந்தக் குண்டான் மீன்தான் வேண்டும் என்று வஞ்சிரத்தின் விலையை நீட்டினார்கள். இரண்டு வாரம் மாட்டேன் என்றவள் மூன்றாவது வாரம் கொடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஏது வாய்?

வேறொரு வேலையாக வெளியூர் போயிருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. திரும்பி வந்து வழக்கம்போல் பகலில் போனேன். அதே தட்டு. முட்டைக் குழம்பு. பிள்ளைகள் தலை குனிந்து பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"மீனு?"

"அதான் நல்லா போவுதேமே. நீதான எழுதின."

அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மறுநாள் காலை வரிசையில் நின்று, பலகையிலிருந்த அந்தப் பொடிமீனில் ஒரு கூறு வாங்கினேன். வாங்கிய மீனை அவள் காலடியில் காலியாகக் கிடந்த குண்டானில் கொட்டி, "இன்னிக்கு வீட்டுக்கு இது" என்றேன். அவள் சிரித்தாள்.

"ஏம்மே, துட்டு குட்து வாங்குனா அது வூட்டு மீனா?"

ஒன்றுவிடாமல் அள்ளிப் பையில் போட்டு, முடிச்சிட்டு, என் கையிலேயே கொடுத்தாள். அடுத்த ஆள் காத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, அவள் செய்கிற மாதிரியே மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.